வீட்டை ஓட்டிப் பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்கள் காலத்தில் வீடு என்பது ஓரிடத்தில் நிற்கும் வஸ்துவாக இருந்தபடியால் பழமொழி அவ்வளவோடு நின்றுவிட்டது. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்தில் ஒரு வார காலம் தங்கிவிட்டு வந்த பிறகு, "வீட்டை ஓட்டிப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக் கொள்ளலாமென்று எனக்குத் தோன்றுகிறது.

மோட்டார் வீடு என்பது வேறொன்றுமில்லை. லாரியின் அடிச்சட்டத்தின் மேல் ஒரு சிறு குடித்தனத்தையே ஏற்றி வைத்துவிடுகிறார்கள். முன்னால் ஓட்டுகிறவரின் ஆசனம். அதன் பின்னால் சமையல் மேடை, சாப்பாட்டு மேஜை, ஸ்நான அறை, கட்டில். 1910-ம் வருஷத்திலேயே பியர்ஸ்-ஆரோ கம்பெனியார் நியூயார்க்கில் இத்தகைய வண்டி ஒன்றைக் காட்சிக்கு வைத்தார்கள். அது தனவந்தர்களுக்கான வண்டி. 1966-ல் அயோவா மாகாணத்து வின்னபேகோ கம்பெனியார் தொழிற்சாலையில் வரிசை வரிசையாகச் செய்யத் தொடங்கியதிலிருந்துதான் அது நடுத்தரக் குடும்பங்களின் கைக்கும் எட்டலாயிற்று.

லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் எஞ்சினீயராக இருக்கும் என் பழைய மாணாக்கர் ஒருவரிடம் இத்தகைய வண்டி இருக்கிறது. 2024 ஜனவரியில் அவர் தம் மனைவி, இரு குழந்தைகளோடு என்னையும் அதில் ஏற்றிக்கொண்டு, அரிஸோனா மாகாணத்திலுள்ள குவார்ட்ஸைட் என்னும் ஊருக்குப் புறப்பட்டார். புறப்பட்டார் என்று எழுதிவிட்டேனே தவிர, பெட்டிகளை ஏற்றி முடித்த பிறகும் வண்டி ஒரு மணி நேரம் நகரவில்லை. அவர் ஒரு கைவிளக்குடன் சக்கரங்களுக்கிடையே குனிந்து கொண்டிருந்தார்.

"டயர்கள் புதிதாகத்தானே தெரிகின்றன?" என்று கேட்டேன்.

"பார்வைக்குப் புதிதுதான், ஸார். மோட்டார் வீடு வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெயிலில் சும்மா நிற்கிறது. அதனால் பட்டை தேய்வதற்கு முன்பே ரப்பர் கிழடாகி விடும். வயதைத்தான் பார்க்க வேண்டும்" என்றார்.

டயருக்கு ஜாதகம் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கின்றன. 2319 என்றிருந்தால், 2019-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் அது ஜனித்தது என்று பொருள். ஆறேழு வருஷமானதும், பட்டை எவ்வளவு தடிப்பாக இருந்தாலும், அநுபவசாலிகள் மாற்றி விடுகிறார்கள். பத்து வருஷத்துக்கு மேல் எந்தக் காரணத்தாலும் வைத்திருப்பதில்லை. பக்கவாட்டில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தால் வயதைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. காற்றழுத்தத்தை விடியற்காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். பின்புறம் இரட்டைச் சக்கரங்களில் உள்ளே இருப்பதை மறந்துவிடக் கூடாது. காற்றுக் குறைந்த டயர் ஓட ஓடச் சூடேறி, கடைசியில் வெடிக்கும். சில சமயங்களில் தீயும் பற்றும்.

வழியில் லாரிகளை நிறுக்கும் எடைமேடை ஒன்றில் எங்கள் வீடும் ஏறி நின்றது. இந்த வண்டி மொத்தம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை ஓட்டுபவரின் ஆசனத்தருகில் ஒரு தகட்டில் எழுதியிருக்கிறார்கள். அந்த அளவு காலி வண்டிக்கு அல்ல. மனிதர், பாத்திரம், அரிசி மூட்டை, எண்ணெய், தண்ணீர் எல்லாம் சேர்ந்தது. தண்ணீர் மட்டுமே லேசுப்பட்டதல்ல. 60 காலன் தொட்டி நிறைந்தால் 227 கிலோ, அதாவது 500 ராத்தல் கூடிவிடுகிறது. மூன்று பெரிய மனிதர்களை அதிகமாக ஏற்றிக்கொண்டதற்குச் சமானம்! பாரம் மிஞ்சினால் டயரும் பிரேக்கும் இரண்டுமே முதலில் தோற்கும். ஒரு பக்கமாகவே சாமான்களை அடுக்கினால் வளைவுகளில் வண்டி சாய்கிறது. கனமானவை கீழே, லேசானவை மேலே, இரு புறமும் சமமாக என்பது சூத்திரம்.

இண்டியோ என்ற ஊர் கடல் மட்டத்திற்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே முப்பது மைலுக்குள் சாலை 1,700 அடி உயரமுள்ள சிரியாக்கோ சிகரத்துக்கு ஏறிவிடுகிறது. ஏறுவதில் எஞ்சினுக்குக் கஷ்டம்; இறங்குவதில் மனிதர்களுக்கு அபாயம். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அது பழுக்கக் காய்ந்து, பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. ஆகவே இறக்கம் ஆரம்பிக்கு முன்பே கீழ் கியருக்கு மாற்றி, எஞ்சினையே கடிவாளமாக்கிக் கொள்ள வேண்டும்; பிரேக்கை விட்டு விட்டு அழுத்த வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. நாட்பட்ட எண்ணெய் சூட்டில் கொதித்துக் குமிழியிடும். இரண்டு மூன்று வருஷத்துக்கொரு முறை அதை மாற்றுவது உயிருக்குச் செலுத்தும் சொற்ப வரி. ஓட்டுபவரின் கண்ணெதிரே வண்டியின் உயரத்தை எழுதி ஒட்டியிருந்ததையும் கவனித்தேன். கார் ஓட்டிப் பழகியவருக்குத் தலைக்கு மேல் ஒரு மாடி இருப்பது நினைவில் தங்காதாம்; தாழ்ந்த பாலங்கள் நினைவூட்டும் முறையோ மிகவும் முரட்டுத்தனமானது.

கொலராடோ நதியைத் தாண்டிச் சுமார் இருபது மைல் சென்றதும் குவார்ட்ஸைட் வந்தது. 2020-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி அங்கே நிரந்தரமாக வசிப்பவர்கள் 2,400 பேர் அளவில்தான். ஆனால் பனிக் காலத்தில் வட மாகாணங்களிலிருந்தும் கானடாவிலிருந்தும் ஜனங்கள் வீடுகளோடு வந்து இறங்குகிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் சரளைக் கல். ஆங்காங்கே கைகளை உயர்த்தி நிற்கும் சகுவாரோ கள்ளிகள். அவற்றினிடையே வெள்ளை வெள்ளையாகச் சக்கர வீடுகள். ஊருக்குத் தெற்கே லா போஸா என்ற 11,000 ஏக்கருக்கு மேற்பட்ட வெளியில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அநுமதிச் சீட்டுப் பெற்றுத் தங்கலாம். மத்திய அரசாங்கத்தின் நில நிர்வாக இலாகா 1983-ல் இந்த ஏற்பாட்டைத் தொடங்கியது. தண்ணீர் பிடிக்கவும் கழிவை ஊற்றவும் ஓரிடம் உண்டு. அதற்கு மேல் குழாயும் இல்லை, மின்சாரக் கம்பியும் இல்லை.

இங்கேதான் மோட்டார் வீட்டின் முழுத் தத்துவமும் எனக்கு விளங்கியது. நகரத்தில் நாம் வீட்டுக்காரர்கள் என்று பெயரே தவிர, நம் வீட்டைப் பாதி நடத்துவது நகரசபை. தண்ணீர் வருவதும், சாக்கடை போவதும், விளக்கு எரிவதும், தீப்பிடித்தால் மணியடித்துக்கொண்டு வண்டி வருவதும் பிறர் பொறுப்பு. சக்கர வீட்டுக்காரனுக்கோ தண்ணீர் இலாகாவும் தானே, சுகாதார இலாகாவும் தானே, தீயணைக்கும் படையும் தானே. இந்த உத்தியோகங்களில் எதற்கும் விடுமுறை கிடையாது.

எங்கள் அயல் வண்டியில் எழுபது வயது தாண்டிய அம்மையார் ஒருவர் ஒரு நாயுடன் தனியாக வாசம் செய்தார். பதினைந்து வருஷமாக இதுவே அவர் வீடு. தினந்தோறும் காலையில் காப்பிக் கோப்பையுடன் வண்டியை ஒரு முறை பிரதக்ஷிணம் செய்வார். "நான் பார்க்காமல் விட்டதை ராத்திரி அது எனக்குக் காட்டும்" என்று சிரித்தார். அவர் எனக்குக் கற்பித்த பாடங்களில் முதலாவது எரிவாயுவைப் பற்றியது.

சமையலுக்கும் குளிர் காய்வதற்கும் புரொப்பேன் வாயு பயன்படுகிறது. அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானபடியால், கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். ஆகவே கசிவை அறிவிக்கும் கருவியைத் தரைக்குச் சமீபத்தில் பொருத்தியிருக்கிறார்கள். இயற்கையில் அதற்கு வாசனை இல்லை. நாம் அறிவதற்காகவே அழுகிய முட்டை போன்ற நாற்றத்தைக் கலக்கிறார்கள். இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். தீக்குச்சியைக் கிழித்துப் பார்ப்பது யமனுக்கு விண்ணப்பம் போடுவதாகும். நாற்றம் வந்தால் எந்த விசையையும் தொடாமல் எல்லோரும் வெளியேறி, வெளியிலிருந்தே உருளையை மூட வேண்டும். வண்டி ஓடும்போதும் வாயு மூடியிருப்பது க்ஷேமம்.

இரண்டாவது சத்துரு கார்பன் மானாக்ஸைடு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மின்சாரம் செய்யும் ஜெனரேட்டரின் புகையிலும், காற்றோட்டமின்றி எரியும் அடுப்பிலும் உண்டாகிறது. ரத்தத்தில் பிராணவாயு இருக்க வேண்டிய இடத்தை அது பற்றிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து பலர் எழுந்திருப்பதில்லை. மூன்றாம் நாள் இரவு, காற்றே அசையாத நேரத்தில், எங்கள் வண்டியில் படுக்கையருகே இருந்த கருவி வீறிட்டு அலறியது. எங்கள் ஜெனரேட்டர் ஓடவில்லை. மாலையில் வந்து மிக நெருக்கமாக நிறுத்தியிருந்த ஒரு வண்டியின் ஜெனரேட்டர், தன் புகையை எங்கள் ஜன்னலுக்குள் அனுப்பிக் கொண்டிருந்தது! குழந்தைகளைப் போர்வையோடு வாரியெடுத்துக்கொண்டு எல்லோரும் வெளியே ஓடினோம். குளிர்ந்த மணலில் நின்று அவ்விருவரையும் தொட்டுப் பார்த்த அவர்கள் தாயாரின் முகத்தை நான் மறக்க மாட்டேன். கையளவு பெட்டி ஒன்று ஐந்து பிராணன்களைக் காத்தது. அந்தப் பெட்டிக்கும் ஆயுள் உண்டு. அதன் முதுகிலேயே கெடு தேதி எழுதியிருக்கிறது. மாதத்துக்கொரு முறை பொத்தானை அழுத்திச் சோதிப்பதும், கெடு முடிந்ததும் தயக்கமின்றி மாற்றுவதும் மிக அவசியம்.

மூன்றாவது விஷயம் விசித்திரமானது. இவ்வண்டிகள் பலவற்றில் நெருப்பினால் குளிரை உண்டாக்கும் பெட்டி இருக்கிறது. 1922-ல் ஸ்வீடன் தேசத்து மாணாக்கர்களான பிளாட்டன், முண்டர்ஸ் என்ற இருவர் கண்டுபிடித்தது. ஒரு சிறு சுடர் அம்மோனியாக் கரைசலைக் கொதிக்க வைக்க, அது குழாய்களில் சுற்றிவந்து குளிர்விக்கிறது. கரைசல் தானே வழிந்தோட வேண்டியிருப்பதால் வண்டி மட்டமாக நிற்பது முக்கியம். சாய்ந்து நின்றால் கரைசல் தேங்கி, கொதிகலம் அளவு மீறிச் சூடேறிக் கெட்டுவிடும். தீவிபத்துகளுக்கும் அது காரணமாகியிருக்கிறது. அம்மோனியா நெடியோ, பின்புறத்தில் மஞ்சள் கறையோ கண்டால் உடனே அணைத்துவிட வேண்டும். இதற்காகவே ஒவ்வொருவரும் வந்திறங்கியதும் மட்டப்பலகை வைத்துப் பார்த்துச் சக்கரங்களின் கீழ் கட்டைகளைச் செருகுகிறார்கள்.

எவ்வளவு ஜாக்கிரதைக்குப் பிறகும் தீப்பிடித்தால், ஓரிரு நிமிஷந்தான் அவகாசம். வாசல் ஒன்றே போதாது. தப்புவதற்கென்று ஒரு ஜன்னல் வைத்திருக்கிறார்கள். ஆனால் வருஷக்கணக்கில் திறக்காத ஜன்னலின் ரப்பர் ஒட்டிக்கொண்டு, வேண்டிய சமயத்தில் திறக்காது. அம்மையார் மாதந்தோறும் அதைத் திறந்து பார்ப்பார். என் மாணாக்கர் குழந்தைகளுக்கு அதன் வழியே இறங்கவே பழக்கம் செய்து வைத்திருந்தார்.

மற்றவை பொறுமையைச் சேர்ந்தவை. கூரையின் மூட்டுகளில் பூசிய பசை வெயிலில் வெடித்தால், ஒரு மழையில் உட்புகும் நீர் சுவருக்குள்ளிருக்கும் மரத்தை ரகசியமாக உளுக்க வைக்கும். வருஷத்தில் இரண்டு முறையாவது ஏறிப் பார்க்க வேண்டும். குடிநீர்க் குழாயும் கழிவுத் தொட்டியைக் கழுவும் குழாயும் ஒருபோதும் ஒன்றாகக் கூடாது. ஈயப் பாட்டரியைப் பாதிக்கு மேல் வடிய விடலாகாது. வடிநீர் குறைந்தால் ஊற்ற வேண்டும். பாலைவனத்து எலிகள் எஞ்சினுக்குள் கூடு கட்டிக் கம்பிகளைக் கடிப்பதால், பலர் இரவில் எஞ்சின் மூடியைத் திறந்து வைத்து உள்ளே விளக்கேற்றி விடுகிறார்கள். உலர்ந்த ஓடைப் படுகை சமதரையாக, மணற்பாங்காக, ஆசை காட்டி அழைக்கும். அங்கே மட்டும் தங்கக் கூடாது. எங்கோ மலையில் பெய்த மழை, இங்கே வானம் தெளிந்திருக்கையிலேயே காட்டாறாக வந்து இறங்கிவிடும்.

ஊரின் இடுகாட்டில் கூர்நுனிக் கோபுரம் போன்ற ஒரு கல் சமாதி இருக்கிறது. உச்சியில் செம்பு ஒட்டகம். 1856-ல் அமெரிக்கச் சேனை பாலைவனத்தில் சுமை தூக்க ஒட்டகங்களைத் தருவித்தபோது, உதுமானிய நாட்டிலிருந்து அவற்றோடு வந்த ஹாஜி அலி என்பவரின் சமாதி அது. உள்ளூர் நாவில் அவர் பெயர் ஹை ஜாலி ஆகிவிட்டது. அவர் 1902-ல் காலமானார். 1935-ல் இச்சின்னம் எழுந்தது. பாலைவனத்தில் ஒட்டகம் ஓட்டுகிறவன் விடியுமுன் எழுந்து, மிருகத்தின் பாதத்தைத் தடவிப் பார்த்து, சுமை இரு புறமும் சமமா என்று தூக்கிப் பார்த்து, தோற்பையில் நீரின் அளவை அறிந்த பிறகே அடியெடுத்து வைப்பான். பாதத்துக்குப் பதில் டயர், தோற்பைக்குப் பதில் தொட்டி. நியமம் மாறவில்லை.

புறப்படும் தினத்தில் என் மாணாக்கரின் மனைவி ஒரு காகிதத்தை எடுத்து உரக்க வாசித்தார். கணவர் வெளியிலிருந்து விடை கொடுத்தார். "வாயு?" "மூடியாயிற்று." "படி?" "மடித்தாயிற்று." "கூரை ஜன்னல்?" "சாத்தியாயிற்று." "சக்கரக் கட்டை?" "எடுத்தாயிற்று." இருபது வருஷமாக வகுப்பில் ஆஜர்ப் பட்டியல் வாசித்தவன் நான். அதைவிடச் சிரத்தையோடு வாசிக்கப்பட்ட பட்டியலை நான் கேட்டதில்லை. எல்லாப் பெயருக்கும் விடை வந்த பிறகே வீடு நகர்ந்தது.