அம்மாச்சியின் பித்தளைப் புத்தர்

பித்தளை என்றால் புளி. இது நம் வீடுகளின் எழுதாத சட்டம். வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கும் சொம்பும் புளி பட்டுப் பொன்னாய் மின்னும். எங்கள் வீட்டில் அந்த வரிசையில் புத்தர் ஒருவரும் உண்டு. சாண் உயரந்தான்.

1964-இல் பர்மாவில் கடைகள் அரசுடைமையானபோது இரங்கூனில் அரிசிக்கடை வைத்திருந்த என் தாத்தாவின் பிழைப்பும் போயிற்று. மறு ஆண்டு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது கையில் நகையும் இல்லை, பணமும் இல்லை. கொண்டுவர விடவில்லை. பித்தளைச் சிலையை மட்டும் யாரும் ஒரு பொருளாக மதிக்கவில்லை போலும்! புத்தர் தப்பி வந்து, முருகன் படத்துக்குப் பக்கத்தில் குடியேறினார்.

அவர் அமர்ந்திருக்கும் கோலம் பர்மியச் சிலைகளில் மிகுதியாகக் காணப்படுவது. இடக்கை மடியில் விரிந்திருக்கும். வலக்கை முழங்காலைத் தாண்டி இறங்கி, விரல்நுனியால் நிலத்தைத் தொடும். பூமிஸ்பரிச முத்திரை என்பர். போதிமரத்தடியில் மாரன் வந்து, இந்த இருக்கைக்கு நீ உரியவன் என்பதற்குச் சாட்சி யார் என்று மிரட்ட, கௌதமர் நிலத்தைத் தொட்டு மண்ணையே சாட்சிக்கு அழைத்தாராம். நீண்டு தொங்கும் காதுகள், அரசகுமாரனாய்க் கனத்த குண்டலங்கள் அணிந்திருந்ததன் அடையாளம். குண்டலம் போயிற்று, தழைந்த காது மிச்சம். அம்மாச்சிக்கு முத்திரையின் பெயர் தெரியாது. "தரையைத் தொட்டுச் சத்தியம் பண்றாருடா" என்பார். நான் படித்த நூல் எதுவும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

வம்பு என்னவென்றால், சத்தியம் செய்யும் அந்த விரல்கள்தாம் தேய்ந்துகொண்டு வருகின்றன. மூக்கும் மழுங்கிவிட்டது. அறுபது ஆண்டுப் புளியல்லவா! பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் கறுப்பைக் கரைக்கும். தேய்க்கத் தேய்க்க உலோகமும் இம்மி இம்மியாகப் போகும். உப்பையும் சேர்த்துத் தேய்த்து, சரியாகக் கழுவாமல் விட்டால் மடிப்புகளில் குளோரைடு தங்கும். ஈரம் பட்டால் பச்சைத் தூள் பூக்கும். விளக்குக்கு இதனால் பெரிய நட்டமில்லை. விளக்குக்கு முகம் கிடையாது.

நாகப்பட்டினத்தில் 1856 முதல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த பௌத்தத் திருமேனிகள் ஏறக்குறைய 350. அவை வெண்கலம், பல எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அத்தகைய பழஞ்சிலைக்குப் புளி என்ற பேச்சே கூடாது. அரிக்கும் உப்பை மட்டும் நீக்கி, காலம் ஏற்றிய நிறத்தைக் கூடியவரை விட்டுவைப்பதே இன்றைய பாதுகாப்பு முறை.

மாண்டலே மகாமுனிப் புத்தரின் கதை இதற்கு நேர்மாறு. 1784-இல் அரக்கானை வென்ற பர்மிய அரசர் எடுத்துவரச் செய்த பெரிய உலோகச் சிலை அது. நாள்தோறும் விடியுமுன் முகத்தைக் கழுவித் துடைக்கிறார்கள். உடலில் ஆண் அடியார்கள் தங்க ரேக்கு ஒட்டுகிறார்கள். ஒட்டி ஒட்டி உடல் முழுவதும் கட்டி கட்டியாக உருவழிந்துவிட்டது. முகம் மட்டும் தெளிவாக இருக்கிறது. அங்கே அன்பு மேலே மேலே ஏறுகிறது. எங்கள் வீட்டில் சுரண்டி எடுக்கிறது!

இதையெல்லாம் சொல்லி, "புளி வேண்டாம் அம்மாச்சி, காய்ந்த பருத்தித் துணி போதும், மடிப்புத் தூசிக்கு மெல்லிய தூரிகை, அவ்வளவுதான்" என்றேன்.

"விளக்காத சாமியைப் பார்த்தா ஆளில்லாத வீட்டுச் சாமிம்பாங்க. அங்க அத்தனையையும் விட்டுட்டு வந்தோம். இவரையாவது பளிச்சுன்னு வச்சுக்கிறேனே."

என்ன பதில் சொல்வது? அருங்காட்சியகத்துப் புத்தரைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்கிறோம். இவரையோ எண்பதைக் கடந்த ஒருவர் வாரந்தோறும் மடியில் வைத்துக் குளிப்பாட்டுகிறார். புளியை நிறுத்தினால் சிலை பிழைக்கும், அந்த வெள்ளிக்கிழமை?

நல்லவேளையாகப் பீடம் தனியே கழலும். பீடத்துக்குப் புளி, புத்தருக்குப் பழைய வேட்டித் துணி என்று உடன்பாடு ஆயிற்று. மூன்று மாதமாகிறது. புத்தர் சற்று மங்கித்தான் இருக்கிறார். போன வெள்ளியன்று அம்மாச்சி அவரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கறுத்தாலும் கறுக்கட்டும், விரல் நிக்கட்டும்" என்று பீடத்தில் ஏற்றினார்.