காவிரி தாண்டி வந்த சீனத்துச் சேவை

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாக இருக்கிறது எங்கள் ஸ்ரீரங்கம். இங்கே விருந்தாளி வந்தால் சேவைதான். எலுமிச்சம்பழச் சேவை, தேங்காய்ச் சேவை, வெல்லச் சேவை என்று மூன்று தினுசு செய்து அசத்துவார் என் மாமியார். வெங்காயம், பூண்டு எங்கள் தளிகை உள்ளில் நுழைந்ததே இல்லை.

அப்படிப்பட்ட வீட்டில் நான் நூடுல்ஸ் செய்யப் புறப்பட்டதற்குக் காரணம் என் பிள்ளை. காலேஜ் முடிந்து டவுனில் வேலைக்குப் போனதிலிருந்து, ராத்திரி தள்ளுவண்டியில் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவான். பாட்டி திண்ணையில் காத்திருப்பார். "பசிக்கலே பாட்டி" என்று உள்ளே போய்விடுவான். நாலு மாதம் இப்படி. கடைசியில் வயிற்று எரிச்சலோடு டாக்டரிடம் போனோம். எண்ணெயும் காரமும் குறையட்டும், வேளைக்குச் சாப்பிடட்டும் என்றார் அவர். பாட்டியும் பேரனும் ஒரு பந்தியில் உட்கார்ந்தே நாளாயிற்றே என்பதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

ஒரு சனிக்கிழமை ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில் காற்று முகத்தில் அடிக்க, எதிரே மலைக்கோட்டை. சத்திரத்தில் இறங்கி காந்தி மார்க்கெட் போனேன். மலைக்காய் கடையில் காரட், பீன்ஸ், கோஸ், குடைமிளகாய் கால் கால் கிலோ. மளிகைக் கடையில் முட்டை சேராத நூடுல்ஸ். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் மட்டும் போதாது சகோதரிகளே, கூட வரும் மசாலாப் பொடியில் பெரும்பாலும் வெங்காயமும் பூண்டும் இருக்கும். படித்துப் பார்த்து வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் எட்டிப் பார்த்தார். "என்னடிம்மா இது? இதையெல்லாம் பெருமாள் கண்டருளுவாரா?"

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. "ஏம்மா, நம்ம கோயில்லேயே துலுக்க நாச்சியாருக்கு ரொட்டி அமுது செய்யப் பண்றாளே! டில்லியிலேர்ந்து வந்தவளுக்கு அவ ஊர்ச் சாப்பாடு. நம்ம பிள்ளைக்கும் அப்படித்தான்னு வெச்சுக்கோங்கோ."

கோயிலில் சித்திரமாகவே எழுந்தருளியிருக்கும் அந்த நாச்சியாரை அவர் சேவிக்காத வாரம் கிடையாது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தனிப் பாத்திரத்திலே பண்ணு" என்றார். உத்தரவு கிடைத்துவிட்டது!

இனி செய்முறை. 200 கிராம் நூடுல்ஸுக்கு அகலமான பாத்திரத்தில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். அரை ஸ்பூன் உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, முக்கால் பதம் வெந்ததும் வடித்து, குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, தட்டில் பரப்புங்கள். சூட்டோடு குவித்து வைத்தால் களிதான். காய்களைத் தீக்குச்சி கனத்தில் நறுக்குங்கள். இரும்பு வாணலியை நன்றாகக் காயவைத்து, இரண்டு ஸ்பூன் எண்ணெயில் துருவிய இஞ்சி, பிறகு காய்கள். தீ பெரிதாகவே இருக்கட்டும். மூடாதீர்கள், தண்ணீர் விட்டுக்கொள்ளும். இரண்டு மூன்று நிமிஷத்தில், காய் நறுக்கென்று இருக்கும்போதே நூடுல்ஸைச் சேர்த்துப் பிரட்டி, மிளகுப்பொடி, இரண்டு டீஸ்பூன் சோயா சாஸ், எலுமிச்சம்பழச் சாறு சேர்த்து இறக்குங்கள்.

சாஸ் விஷயத்தில் கை நீள வேண்டாம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு மேஜைக்கரண்டி சோயா சாஸிலேயே 2 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. அதனால் தனியாக உப்புப் போடவே கூடாது.

நம் பக்கத்தில் பல ஊர்களில் வாணலியைச் 'சீனச்சட்டி' என்றுதான் சொல்கிறார்கள். சட்டி நமக்குப் பழகிய அளவு, அதில் வதங்குவது பழகவில்லை, அவ்வளவுதான். சீனாவில் லாஜியா என்ற இடத்தில் 4,000 வருஷப் பழைய கிண்ணத்தில் தினைமாவு நூடுல்ஸ் கிடைத்ததாக ஆராய்ச்சியாளர்கள் 2005-ல் தெரிவித்தார்கள். நம் சேவைக்குத் தூரத்து உறவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

மாமியார் அன்று நூடுல்ஸைத் தொடவில்லை. ஆனால் மறுவாரம், புழுங்கலரிசி நனைத்து அரைத்து இட்லியாக வேகவைத்து, சேவை நாழியை எடுத்து வைத்தார். சூட்டோடு பிழியக் கையில் பலம் வேண்டுமே! "டேய், வா இங்கே" என்று பேரனைக் கூப்பிட்டார். அவன் வியர்க்க வியர்க்கப் பிழிந்தான். "இதிலே அந்தக் காயெல்லாம் போடு, கறுப்புத் தண்ணி மட்டும் வேண்டாம்" என்றார் என்னிடம்.

அன்று ராத்திரி இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். பாட்டி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். தள்ளுவண்டி அடியோடு நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சனிக்கிழமை ராத்திரி மட்டும் அவன் தவறுவதில்லை. நாழி பிழிய வேறு யார் இருக்கிறார்கள்?