கெட்டுப்போனதாகக் கருதப்பட்ட கோப்புகள்



சென்ற பள்ளி விடுமுறையில் எனக்கு ஏற்பட்ட ஓர் அனுபவத்தை இங்குப் பதிவு செய்ய விரும்புகிறேன். உங்கள் பள்ளியின் பழைய கணினியிலும், வீட்டு அலமாரியில் கிடக்கும் குறுந்தட்டிலும் இதே சிக்கல் உறங்கிக்கொண்டிருக்கலாம்.

நான் கிள்ளான் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணியாற்றுகிறேன். 2003ஆம் ஆண்டில், எங்கள் மாணவர்களை அவரவர் தாத்தா பாட்டியிடம் அனுப்பித் தோட்ட வாழ்க்கையைக் கேட்டு எழுதிவரச் சொன்னோம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்றது, பால்மரம் வெட்டியது, தோட்டம் வீடமைப்புப் பகுதியானபோது வெளியேறியது என 38 கட்டுரைகள் கிடைத்தன. அன்றைய தலைமையாசிரியர் அவற்றைத் தாமே கணினியில் தட்டச்சு செய்தார். அக்கதைகளைச் சொன்ன பெரியவர்களில் பலர் இன்று நம்மிடையே இல்லை.

கல்வியமைச்சு 2020இல் டெலிமா தளத்தைத் தொடங்கியபின், நம் பள்ளிகளின் ஆவணங்கள் மெல்ல மெல்லக் கூகுள் டிரைவுக்கு இடம்பெயர்ந்தன. நானும் அக்கட்டுரைகளைப் பதிவேற்றினேன். சில நாள் கழித்து இளம் ஆசிரியை ஒருவர் வந்து, "சார், அந்த முப்பத்தெட்டும் கெட்டுப்போச்சு. அழிச்சிடலாமா?" என்று கேட்டார்.

திறந்து பார்த்தேன். 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் முக்கால் பின்னக் குறி, தலையில் கோடு போட்ட ரோமன் 'ஏ', அமெரிக்கக் காசுக் குறி, கோடு போட்ட 'யூ' ஆகியவை வரிசையாக நின்றன. பக்கம் முழுவதும் அப்படியே. ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுமாறு அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை கிள்ளானில் கொமுட்டர் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் வசிக்கும் அந்தத் தலைமையாசிரியரைக் காணச் சென்றேன். எண்பதை நெருங்கும் அவர், விண்டோஸ் எக்ஸ்பி, வோர்ட் 2003, முரசு அஞ்சல் மூன்றும் அமைந்த தம் பழைய கணினியை இன்னும் பாதுகாத்து வருகிறார். பென்டிரைவைச் செருகினோம். முதல் கட்டுரை பிழையின்றித் தமிழில் விரிந்தது.

"ஒன்னும் கெடல, தம்பி. நான் தட்டினது அப்படியே இருக்கு. எழுத்துருதான் உங்க பள்ளிக்கூடத்துல இல்ல" என்றார் ஐயா.

அவர் கூறியதன் பொருளை விளக்குகிறேன். முரசு மென்பொருளை நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கினார். 1990களின் இறுதியில் உலகத் தமிழர்கள் மின்னஞ்சல் வழி கலந்துபேசித் திஸ்கி என்னும் பொதுக் குறியீட்டை வகுத்தனர். 256 இடங்களே கொண்ட அட்டவணையில் முதல் பாதியை ஆங்கிலத்திற்கு விட்டுவிட்டு, மறு பாதியில் தமிழை அமர்த்தினர். கோப்பில் இருப்பவை வெறும் எண்களே. அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுவது எழுத்துரு. அது இல்லாத இடத்தில் அதே எண்கள் ஐரோப்பிய எழுத்துகளாகத் தோன்றும். கூகுள் டாக்ஸ் நம் கணினியிலுள்ள எழுத்துருவைத் தேடி வருவதில்லை. நாமாக அதில் ஏற்றவும் வழியில்லை.

"அப்போதே ஒருங்குறியில் தட்டச்சு செய்திருக்கலாமே?" என்று சிலர் கேட்கலாம். தமிழ் 1991லேயே ஒருங்குறியில் இடம்பெற்றுவிட்டது என்பது உண்மை. ஆனால் விண்டோஸ் 2000 வந்தபோதுதான் லதா எழுத்துருவோடு அது நம் மேசைக்கு வந்தது. எங்கள் பள்ளியில் அப்போது இருந்தவை விண்டோஸ் 98 கணினிகள். அன்று கைக்கெட்டியதைக் கொண்டு ஐயா செய்த பணியைக் குறை கூற இயலாது.

இனி மாற்றிய முறை. ஒவ்வொரு கட்டுரையையும் நகலெடுத்து, திஸ்கியை ஒருங்குறியாக்கும் மாற்றியில் இட்டோம். பொங்குதமிழ், என்.எச்.எம். போன்ற மாற்றிகளைப் பழைய வலைப்பதிவர்கள் நன்கறிவர். திஸ்கியில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என எழுதும் வரிசையிலேயே மூன்று துண்டுகளாகக் கிடக்கும். ஒருங்குறியில் ககரம் முதலில் வரும். மாற்றி இவ்வரிசையைச் சீர்செய்கிறது. மூலக் குறியீட்டைத் தவறாகத் தேர்ந்தால் வேறொரு குழப்பமே மிஞ்சும். தடித்த எழுத்தும் அட்டவணையும் மறைந்துவிடுவதால், மூலத்தை அருகில் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

இதில் நான் ஒரு தவறு செய்தேன். மெய்ப்புப் பார்ப்பதற்காக ஐயாவிடம் புதிய டாக்எக்ஸ் வடிவிலேயே கோப்புகளைக் கொடுத்துவிட்டேன். வோர்ட் 2003 தானாக அதைத் திறக்காது. பழைய டாக் வடிவில் மீண்டும் சேமித்துக் கொடுத்தேன். அவர் பச்சை மையால் திருத்தங்களைத் தாளில் எழுதித் தந்தார். பழக்கம் போகுமா?

மூன்று சனிக்கிழமைகளில் 38 கட்டுரைகளும் மீண்டன. அந்த இளம் ஆசிரியை டிரைவில் 'பெரட்டு' என்று தேடினார். பதினொரு கட்டுரைகள் வந்து நின்றன. முன்பு தேடியிருந்தால் ஒன்றுகூட அகப்பட்டிருக்காது. அவற்றுள் ஒன்றை எழுதிய மாணவி இன்று எங்கள் பள்ளியில் ஒரு தாய். தம் பாட்டி சொன்னதைத் தம் மகளுக்கு வாசித்துக் காட்டியதாக என்னிடம் கூறினார்.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். புரியாத குறிகளாகத் தெரியும் பழைய கோப்பை உடனே அழித்துவிடாதீர்கள். அது எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது என்று வோர்டில் பாருங்கள். பிடிஎஃப் ஆக்கிவிட்டால் போதும் என எண்ண வேண்டா. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், தேடினால் அகப்படாது. மாற்றிய பின்னரும் மூலத்தை வைத்திருங்கள். பெற்றோர்களே, உங்கள் வீட்டிலுள்ள பள்ளி மலர்க் குறுந்தட்டுகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

தட்டச்சு செய்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்து முடிப்போம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்