கடைசி நம்பரில் மட்டும் ஓடிய காற்று

ஐப்பசி மழையில் அப்புத்தளைப் பாதையில் வண்டி ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். 1,400 மீற்றர் உயரத்தில் மாலை நான்கு மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். வெளிக்கண்ணாடியை வைப்பர் துடைக்கும். உள்ளே படியும் ஆவியை டேஷ்போர்டிலிருந்து வரும் காற்றுதான் விரட்ட வேண்டும். அன்று காற்றின் வேகக் குமிழை ஒன்றில் வைத்தேன், காற்று இல்லை. இரண்டிலும் மூன்றிலும் இல்லை. நான்கில் மட்டும் பெருஞ்சத்தத்தோடு அடித்தது. அப்படியே விட்டால் பின் சீட்டில் இருந்த அம்மாவுக்குக் குளிர் தாங்கவில்லை. நிறுத்தினால் எனக்கு வளைவு தெரியவில்லை.

மறுநாள் ஓர் உதிரிப்பாகக் கடையில், "மோட்டர் போயிருச்சு, முழு செட்டும் மாத்தணும்" என்றார்கள். விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். பசறையில் ஆசிரியராக இருக்கும் நண்பர்தான், "மாத்துறதுக்கு முன்னால ஒருத்தர்கிட்ட காட்டிருவோம்" என்று பதுளைக்கு வெளியே, பசறை வீதியோரத் தகரக் கொட்டகை ஒன்றுக்குக் கூட்டிப்போனார்.

அங்கே இருந்த மெக்கானிக் எல்லோருக்கும் "பாஸ்"தான். சிங்களச் சாரதிகளும் அப்படியே கூப்பிடுகிறார்கள், தோட்டத்துப் பையன்களும் அப்படியே. ஐம்பது வயதைத் தாண்டியவர். பொனட்டைத் திறக்கவில்லை. சாவியைப் போட்டு, குமிழை ஒன்றிலிருந்து நான்குவரை திருப்பினார். மறுபடி ஒன்றுக்குக் கொண்டுவந்தார்.

"மோட்டர் செத்துப்போச்சுன்னா சொன்னாங்க? செத்த மோட்டர் நாலுல எப்படி சார் ஓடும்?"

நோயைக் கண்டுபிடித்த கேள்வி இதுதான். வண்டியில் இருப்பது 12 வோல்ட். அது முழுதாகப் போனால் மோட்டர் முழு வேகத்தில் சுற்றும். வேகத்தைக் குறைக்க, சுருள்கம்பிகள் கொண்ட ரெசிஸ்டர் ஒன்றை நடுவில் வைத்திருக்கிறார்கள். ஒன்றாம் எண்ணில் எல்லாச் சுருளையும் கடந்து கரண்ட் போகிறது, இரண்டில் ஒரு சுருள் குறைகிறது, மூன்றில் இன்னும் ஒன்று. நான்கில் ரெசிஸ்டர் பக்கமே போகாமல் நேர்வழியில் போய்விடுகிறது. ஆகவே நான்கு மட்டும் வேலை செய்தால் மோட்டர் சாகவில்லை, கெட்டது பெரும்பாலும் ரெசிஸ்டர்.

முன் இடது சீட்டுக்கு எதிரே உள்ள சாமான் பெட்டியைக் கழற்றினார். உள்ளே தலையை விட்டு, இரண்டு திருகாணிகளை விரல் தடவலிலேயே கண்டுபிடித்தார். வெளியே வந்த பொருள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. சுருளில் பழுதில்லை. அதனோடு சேர்ந்த வெப்ப ஃபியூஸ் திறந்திருந்தது. சூடு மிஞ்சினால் தன்னையே அறுத்துக்கொண்டு மற்றவற்றைக் காப்பாற்றும் சிறு துண்டு அது. பிளக்கின் ஓரம் பழுப்பேறி உருகியிருந்தது.

மீட்டரை வைத்து அடுத்து அவர் பார்த்தவற்றில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் மீட்டருக்கு முன்னால் அவர் எடுத்த கருவியை மறக்க மாட்டேன். பழைய சிக்னல் பல்ப் ஒன்று, அதில் பற்றவைத்த இரண்டு வயர், ஒரு முனையில் ஊசி. கரண்ட் எதுவரை வந்திருக்கிறது என்பதை அது எரிந்து காட்டும். பிடியில் சுற்றியிருந்த துணிநாடா கறுத்து மினுங்கியது.

"இது எங்கப்பா செஞ்சது சார்."

அப்பா தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்தவர். தேயிலைத் தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். மேல்மாடியில் கம்பிவலைமேல் பரப்பிய கொழுந்துக்குக் கீழிருந்து பெரிய விசிறிகள் காற்று ஊதும். மணிக்கணக்காக அவை ஓடினால்தான் கொழுந்து வாடும். ராத்திரியில் விசிறி நின்றால் விடியும்போது கொழுந்து கெட்டுப்போகும். அதனால் அப்பா லயத்தில் படுத்திருந்தாலும் காது ஸ்டோரிலேயே இருக்குமாம். சத்தம் மாறினால் எழுந்து ஓடுவார். பத்து வயதுப் பையன் டோர்ச் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியிருக்கிறான். விசிறியின் சத்தத்திலேயே அதன் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்ததைச் சொல்லும் வித்தை அப்படி வந்தது. படிப்பு எட்டாம் வகுப்போடு முடிந்தது. கையில் சான்றிதழ் எதுவும் இல்லை.

புது ரெசிஸ்டரைப் போட்டு அனுப்பியிருந்தால் அன்றைக்கே என் வேலை முடிந்திருக்கும். அவர் விடவில்லை. "ஏன் எரிஞ்சதுன்னு பாக்காம மாத்துனா திரும்ப எரியும்" என்று மோட்டரையும் இறக்கினார். விசிறிக் கூட்டுக்குள் ஒரு கைப்பிடி சருகு! ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது, தேயிலைக்கு நிழல் தரும் மரங்கள் உதிர்ப்பதெல்லாம் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள துவாரம் வழியே உள்ளே போய்விடுகிறது. ரெசிஸ்டரைக் குளிர்விப்பதும் மோட்டர் ஊதும் அதே காற்றுதான். சருகு அடைத்துக் காற்று குறைந்தால் கம்பி சூடாகும். புஷ்ஷும் காய்ந்திருந்ததால் மோட்டர் இறுகி, கூடுதல் கரண்ட் இழுத்திருக்கிறது. 1 ஓம் கம்பியில் 5 அம்பியர் ஓடினால் 25 வாட் சூடு. 10 அம்பியர் ஓடினால் 100 வாட். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு.

சருகை ஊதித் தள்ளி, புஷ்ஷுக்கு எண்ணெய் விட்டு, கையால் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். உருகிய பிளக்கை வெட்டி வேறொன்று பற்றவைத்தார். "அந்த ஃபியூஸை வயர் வச்சு இணைச்சா இன்னிக்கே ஓடுமே, பாஸ்?" என்றேன். முகம் இறுகிவிட்டது. "ஓடும். அடுத்த தடவ வண்டிக்குள்ள நெருப்புப் பிடிக்கும். நான் செய்ய மாட்டேன்."

ரெசிஸ்டர் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வர நான்கு நாள் ஆனது. விலையைக் கேட்டபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். நடுவில் 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியது. பழைய ஜப்பான் வண்டிகளை ஓட்டித்தான் தீர வேண்டும் என்ற நிலையில், ஒவ்வொரு உதிரிப்பாகத்துக்கும் கைமாறும் இடமெல்லாம் ஒரு விலை ஏறியது. கழற்றிய பழைய சாமானை "ஒரிஜினல்" என்று சொல்லி விற்பவருக்கு ஒரு பங்கு, பதுளைக்குக் கொண்டுவருபவருக்கு ஒரு பங்கு, ஆள் பிடித்துக் கொடுக்கும் சாரதிக்கு ஒரு பங்கு. சேற்றில் மல்லாந்து கிடந்து பழுதைக் கண்டுபிடித்தவனுக்குக் கடைசியில் மிஞ்சுவதைக் கொடுக்கிறோம், அதிலும் பேரம் பேசுகிறோம். நல்ல மோட்டரைச் செத்தது என்று சொல்லி விற்பது வியாபாரமல்ல, திருட்டு. தோட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன்காரர்கள் பலர் இந்தத் திருட்டுக்குக் கடன் வாங்கிக் கொடுக்கிறார்கள்.

பாஸ் என்னிடம் கேட்டது பொருத்திய கூலி மட்டும். கண்டுபிடித்ததற்கு எதுவும் கேட்கவில்லை.

ஊவா மலைகளில் வண்டி வைத்திருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். குமிழின் கடைசி எண்ணில் மட்டும் காற்று வந்தால் மோட்டரை மாற்றச் சம்மதிக்காதீர்கள். ரெசிஸ்டரைக் கழற்றிக் கையில் தரச் சொல்லுங்கள், மோட்டருக்குள் சருகு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழுதைச் சரியாகச் சொன்னவர் கேட்காவிட்டாலும் அதற்கென்று தனியாகக் கூலி கொடுங்கள்.