தாத்தாவின் வேட்டியும் ஆஸ்கார் விருதும்

அன்புத் தோழிகளே,

போன வாரம் நான் மறந்து வைத்த கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு எங்க தாத்தா பள்ளிக்கு வந்தார். முழங்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு, சட்டை இல்லை. "யாருடி அது?" என்று நீங்கள் கேட்டீர்கள். "பக்கத்து வீட்டுக்காரர்" என்று சொல்லிவிட்டேன். அது தாத்தா காதில் விழுந்தது. பேசாமல் போய்விட்டார்.

மறுநாள் வகுப்பில் டீச்சர் 1982-இல் வந்த 'காந்தி' படத்தைப் பற்றிச் சொன்னார். வக்கீலின் கோட்டு சூட்டில் தொடங்கி அரை வேட்டி வரைக்கும் காந்தியின் மனமாற்றத்தை உடையிலேயே காட்டியிருப்பார்களாம். உடை அமைத்தவர்களில் ஒருவர் கோலாப்பூரில் பிறந்த பானு அத்தையா. 1983-இல் ஜான் மோல்லோவோடு சேர்ந்து ஆஸ்கார் வாங்கினார். ஆஸ்கார் பெற்ற முதல் இந்தியர் அவர்தான்!

காந்தி அரை வேட்டிக்கு மாறியது 1921 செப்டம்பர் 22-இல், நம்ம மதுரையில். ஏழை விவசாயிகளைப் போலத் தானும் உடுத்த நினைத்தாராம். அது எங்க தாத்தா உடுப்புதானே!

ராத்திரி தாத்தாவிடம், "இன்னொரு நாள் ஸ்கூலுக்கு வாங்க தாத்தா" என்றேன். "பக்கத்து வீட்டுக்காரன் வரலாமா?" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தோழிகளே, அன்று வந்தவர் என் தாத்தா.

- 9-ஆம் வகுப்பு மாணவி