இன்டர்வலுக்கு முந்தின பீரியட்

முப்பத்தொரு வருஷம் கணக்கு வாத்தியார் உத்தியோகம். அத்தனை வருஷமும் சிகரெட். கோபக்காரன் என்று ஊரில் பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கோபத்தை அடக்கத்தானே ஊதுகிறேன், இல்லாவிட்டால் பிள்ளைகள் பாடு என்ன ஆகும் என்பேன்.

ஓய்வு பெற்ற பிறகு பழைய மாணவன் ஒருவன் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தான். காபியை ஆற்றிக்கொண்டே, "சார், இன்டர்வலுக்கு முந்தின பீரியட் உங்களோடதுன்னா நடுங்குவோம். பெட்டிக்கடைப் பக்கம் போயிட்டு வந்துட்டீங்கன்னா பயமே இல்ல. அப்பதான் வீட்டுப்பாட நோட்டையே நீட்டுவோம்" என்றான்.

பிள்ளைகள் போட்டுவைத்திருந்த கணக்கு எனக்குத் தெரியவில்லை. இழுத்த புகையின் நிக்கோடின் பத்து, இருபது விநாடியில் மூளைக்குப் போய்விடுகிறது. இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடுகிறது. குறையக் குறைய எரிச்சல், படபடப்பு; அடுத்ததைப் பற்றவைத்தால் அடங்கும். பெட்டிக்கடையில் தொங்கும் கயிற்று நெருப்பில் நான் தணித்துக்கொண்ட கோபத்தில் பெரும்பங்கு, காலையில் அதே கயிற்றில் பற்றிக்கொண்டதுதான்.

சுபாவத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். சட்டென்று கவலைப்படுகிறவர்கள், எரிந்துவிழுகிறவர்கள் புகையிடம் ஒதுங்குவது அதிகம். விடுவதும் அவர்களுக்குத்தான் சிரமம். இந்தச் சின்ன உண்மையை இழுத்து நீட்டியவர் லண்டன் உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க். புற்றுநோய்க்குச் சிகரெட்டைவிட ஆளின் சுபாவமே பெரிய காரணம் என்கிற அளவுக்குப் போனார். சிகரெட் கம்பெனிப் பணமும் அவருக்கு வந்தது. அவர் இறந்து பல வருஷம் கழித்து, 2019-இல், கிங்ஸ் கல்லூரி விசாரித்து, அவர் பெயர் சேர்ந்த 26 கட்டுரைகளை நம்பத்தகாதவை என்றது. "என் சுபாவம் அப்படி" என்று நானும் அவர் கட்சியில்தான் இருந்தேன். அவர் கம்பெனியிடம் வாங்கினார், நான் கொடுத்தேன்.

மாணவன் வந்துபோன மாதமே விட்டேன். முதல் வாரம் தட்டை நகர்த்தி வைத்ததற்கெல்லாம் சண்டை. பார்த்தாயா, சிகரெட் இல்லாவிட்டால் நான் இப்படித்தான் என்று வீட்டம்மாவிடம் கத்தினேன். நாலாவது வாரம் கத்துவதற்குக் காரணம் தேட வேண்டியிருந்தது.

இன்றும் கோபம் வராமலில்லை. போன வாரம் தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்த பேரனிடம் வந்தது. வீட்டம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இது உங்க அப்பாவோட கோபம். எனக்குக் கல்யாணமான நாள்லேர்ந்து பழக்கம்தான்" என்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.