எழுபது வளைவும் ஒரு டப்பா பிரேக் ஆயிலும்

சென்னை அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டை பக்கம் பிரிகிறது ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. முழுப் பெயர் சொல்லி விசாரித்தால் ஆட்டோக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். 'ஜி.பி. ரோடு' என்று சொல்லுங்கள். உடனே, "என்ன வண்டி சார் உங்களுது?" என்று அன்பாகக் கேட்டு, அந்த அன்பிலேயே மீட்டர் போட மறந்து விடுவார்!

ஒரு சனிக்கிழமை காலை அங்கே போய் நில்லுங்கள். பெரிய ஆஸ்பத்திரி வாசல் மாதிரி இருக்கும். எல்லார் கையிலும் மருந்துச் சீட்டு போல ஒரு துண்டுக் காகிதம். ஒருவர் தோளில் பம்பர். இன்னொருவர் பைக்கின் பின்சீட்டில், கார்க் கண்ணாடியைக் கைக்குழந்தை போல அணைத்தபடி போகிறார். கடைக்குக் கடை கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள். கிளட்ச் பிளேட், ஹெட்லைட், ஃபில்டர், பெயர் தெரியாத இன்னும் ஆயிரம்.

நான் பி.காம். பற்று எது, வரவு எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பிரேக் ஆயில் எது, எஞ்சின் ஆயில் எது என்று 2022 மே மாதம் வரை தெரியாது. தெரிய வைத்தது கொல்லிமலை.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். என் செகண்ட் ஹாண்ட் கார் முனகிக்கொண்டே ஏறி விட்டது. அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டோம். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிகளுக்கு மேல் இறங்கி, அதைவிட அதிகம் போலத் தோன்றிய படிகளில் ஏறினோம். மறுநாள் ஒரு பலாப்பழத்தை டிக்கியில் போட்டுக்கொண்டு இறங்கினோம்.

வளைவு நம்பர் பலகைகளைப் பையன் தலைகீழாகப் படித்துக்கொண்டே வந்தான். "முப்பத்திரண்டு!" என்று அவன் கத்திய நேரம் பிரேக்கை மிதித்தேன். கால் போனது... போய்க்கொண்டே இருந்தது. பஞ்சு மெத்தையை மிதித்த மாதிரி! எப்படியோ கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பாறைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தினேன். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. டிக்கியில் பலாப்பழம் மட்டும் 'தொம்' என்று உருண்டது.

முக்கால் மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் கல்லு மாதிரி நிற்கிறது, ஒன்றுமே நடக்காதது போல! மீதி மலையை முதல் கியரிலேயே உருட்டி இறக்கினேன்.

அடுத்த சனிக்கிழமை ஜி.பி. ரோட்டில் ஆஜர். ஒரு கடையில் அறுபது வயசுப் பெரியவர், மூக்கு நுனியில் கண்ணாடி. கதையைக் கேட்டு விட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்தினீங்க தம்பி?"

"வருஷா வருஷம் சர்வீஸ் பில்லில் போட்டிருக்காங்களே!"

"பில்லுல போட்டாங்க, சரி. வண்டியில போட்டாங்களா?"

வவுச்சர் இருக்கிறது, சரக்கு இல்லை. பி.காம். படித்தவனுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா?

பெரியவர் விளக்கினார். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. டாட் 4 என்றால் 230. தண்ணீர் சேர்ந்து பழசானால் அந்த எல்லை 140, 155 என்று இறங்கி விடலாம். மலை இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் (நான் வைத்திருந்தேன், ஹி... ஹி...) சூடேறி ஆயில் கொதித்துக் குமிழி வரும். திரவத்தை அழுத்தினால் சுருங்காது, பிரேக் பிடிக்கும். குமிழியோ சுருங்கி விடும், பெடல் உள்ளே போய் விடும். ஆறினால் குமிழி மறையும்.

"ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடுங்க. சீல் உடைக்காத சின்ன டப்பாவா வாங்குங்க. மிச்சத்தை அலமாரியில வெச்சிருந்து அடுத்த வருஷம் ஊத்தாதீங்க. டாட் 5-னு ஒண்ணு இருக்கு, அது சிலிக்கான். இதோட கலக்கவே கூடாது. பெயின்ட் மேல சிந்தினா பெயின்ட் போயிடும்."

"அப்படியே நல்ல எஞ்சின் ஆயிலும் கொடுத்துடுங்க" என்றேன்.

"நல்ல ஆயில்னு ஒண்ணு கிடையாது தம்பி. உங்க வண்டிக்குச் சரியான ஆயில்னுதான் உண்டு. புஸ்தகம் எங்கே?"

புத்தகம் டேஷ்போர்டுக்குள், முந்தைய ஓனர் பிரிக்காத பிளாஸ்டிக் உறையில், புதுப் பெண் மாதிரி இருந்தது! அதில் எல்லாமே அச்சடித்திருந்தது. எஞ்சின் ஆயில் 5டபிள்யூ-30. இந்த 'டபிள்யூ' வின்டர், அதாவது குளிர்காலம். முதல் எண், குளிர்ந்த எஞ்சினில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. இரண்டாவது எண், சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. 'மெட்ராஸ் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சரி' என்று 20டபிள்யூ-50 ஊற்றும் சித்தப்பாக்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. பழைய எஞ்சினுக்கு அது சரியாக இருக்கலாம். இன்றைய எஞ்சினின் நுணுக்கமான சந்துகளுக்கு மெல்லிய ஆயில்தான் ஏற்றது.

டப்பாவில் ஏ.பி.ஐ. என்ற முத்திரைக்குப் பக்கத்து எழுத்துகளையும் பார்க்க வேண்டும். எஸ்-ஸில் ஆரம்பித்தால் பெட்ரோல், சி-யில் ஆரம்பித்தால் டீசல். பெட்ரோலில் 2020-ல் வந்தது எஸ்.பி.

அடுத்தது கூலன்ட். "நம்ம ஊர்ல பனியா பெய்யுது? தண்ணி போதாதா?" என்று சாமர்த்தியமாகக் கேட்டேன். பெரியவர் சிரித்தார். பனிக்கட்டி உறையாமல் தடுப்பது கூலன்ட்டின் ஒரு வேலை. துரு பிடிக்காமல் காப்பதும், சீக்கிரம் கொதிக்காமல் பார்த்துக் கொள்வதும் நமக்கு வேண்டிய வேலைகள். போர் தண்ணீரை ஊற்றினால் ரேடியேட்டருக்குள் உப்புப் படியும், வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவது போலவே. பச்சையா சிவப்பா என்று நிறத்தை நம்பாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டப்பாவில் எழுதியிருப்பதைத்தான் நம்ப வேண்டும். தண்ணீர் கலக்க வேண்டியதா, அப்படியே ஊற்றுவதா என்பதும் அதிலேயே இருக்கும்.

ஆயில் ஃபில்டர் இரண்டு எடுத்து வைத்தார். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒன்றின் விலை மற்றதில் பாதி. "வெளியில டப்பாதான் ஒண்ணு. உள்ளே பேப்பரும் வால்வும்தான் விஷயம்" என்றார். விலை அதிகமானதை வாங்கினேன். கூடவே டிரெய்ன் போல்ட்டுக்கு ஒரு வாஷர் கொடுத்தார். நாலணா சைஸ். அதை மாற்றாமல் பழையதையே போட்டால் ஆயில் சொட்டலாம். ஆயிரக்கணக்கில் பில் போட்ட ஒர்க்‌ஷாப்பில் இதைப் பற்றி யாரும் பேசியதே இல்லை!

திரும்பும் வழியில் புதுப்பேட்டை சபலம் தட்டியது. கூவத்தோரம் பழைய கார்களைப் பிரித்து விற்கும் பேட்டை. 'காரை நிறுத்தி விட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது உன் கதவையே உனக்கு விற்பார்கள்' என்று சென்னையில் ஒரு பழைய ஜோக். பாவம், நியாயமான வியாபாரிகளும் அங்கே நிறைய உண்டு. கதவுக் கைப்பிடி, சீட், கண்ணாடி தாராளமாக வாங்கலாம். பிரேக் சாமான் மட்டும் பழசு வேண்டாம். அதற்கு முன்னால் யார் எந்த மலையில் இறங்கினாரோ!

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் டப்பாக்களைக் கொடுத்து, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பிரேக் குழாயிலிருந்து வந்த பழைய ஆயில் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. அதை நம்பித்தான் மனைவியையும் பையனையும் 70 வளைவு இறக்கப் பார்த்தேன் என்று நினைத்தபோது வயிற்றை என்னவோ செய்தது.

அந்த டிசம்பரில் மறுபடியும் கொல்லிமலை. கியரைக் குறைத்து, நிதானமாக இறங்கினேன். "முப்பத்திரண்டு!" என்றான் பையன். மிதித்தேன். நின்றது.

"பலாப்பழம் வாங்கலாமா?" என்றாள் மனைவி. ஏழு மாதமாகக் காத்திருந்த மன்னிப்பு!

இப்போது என் காரில் டேஷ்போர்டுக்கு மேலே பிள்ளையார், உள்ளே புத்தகம். புறப்படும் முன் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்து விடுகிறேன்.